பாய்லர் ரூம் பாட்டு

ஆஸ்பத்திரி லாண்டரியில் யாராவது சந்தோஷமாக இருந்தால் சூப்பர்வைசருக்குப் பிடிக்காது. அதிலும் பாய்லர் ரூமில் இருப்பவன் சந்தோஷமாக இருந்தால் சுத்தமாகப் பிடிக்காது.

அந்த வெக்கையில் கிடந்து வேகட்டும் என்றுதானே ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனை அங்கே தள்ளினார்?

அவன் செய்த குற்றம் என்ன சாதாரணமா? ஆபரேஷன் கவுன்கள் கருகிப்போய் மேட்ரன் விசாரிக்க வந்தபோது, எல்லாரும் "கரண்ட் கோளாறு" என்று மரியாதையாகச் சொன்னார்கள். இவன் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"சூப்பர்வைசர் சார்தான் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலயே வெச்சுட்டு போன் பேசப் போயிட்டார்மா."

அன்றைக்கே சூப்பர்வைசர் சபதம் எடுத்தார், இனி அவன் பேரை வாயில் எடுப்பதில்லை என்று. எடுக்கவும் இல்லை. 'பாய்லர்' என்றுதான் கூப்பிடுவார். சொன்ன சொல் தவறாதவர். சர்ச் சபையில் மூப்பர் வேறு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் ரூமிலிருந்து பாட்டு கேட்டது.

"என்னம்மா, அவனுக்கு புரமோஷன் ஏதும் கொடுத்துட்டோமா?" துணி மடிக்கும் அம்மாவிடம் கேட்டார்.

"இல்ல சார். ஆண்டவர் கூட இருக்காராம். அதுக்கு மேல என்ன வேணும்னு கேக்குறான்."

"பாய்லர் ரூம்லயா? முப்பது வருஷமா முதல் பெஞ்சுல உட்கார்றேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இவன்கிட்ட வந்துட்டாரா?"

"அதை நீங்களும் அவரும்தான் பேசிக்கணும் சார்."

பூனை மாதிரி போய்க் கதவில் காதை வைத்தார். பாட்டு நின்று ஜெபம் ஆரம்பித்திருந்தது. முதல் பேரே அவருடையதுதான். இனிஷியலோடு சொன்னான்.

"அவரை ஆசீர்வதியும் ஆண்டவரே. அவர் என்னை இங்க தள்ளலைன்னா உம்மைத் தெரிஞ்சிருக்கவே மாட்டேன்."

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்டனை என்று கொடுத்த இடத்தில் பயல் புதையல் எடுத்துக்கொண்டிருக்கிறான்!

கதவைத் தள்ளினார். "ஏய் பாய்லர்! நாளையிலேருந்து நீ மாடியில, இஸ்திரி ரூம்ல. ஜன்னல் இருக்கு, ஃபேன் இருக்கு. அங்க கிடந்து அனுபவி!"

"சரிங்க சார்."

மறுநாள் மத்தியானம் மாடியிலிருந்து அதே பாட்டு இறங்கி வந்தது.

சூப்பர்வைசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொந்த வீடு, பதவி, முதல் பெஞ்சு எல்லாம் இருந்தது. பாட்டுதான் வரவில்லை. கண்ணை மூடினால் கருகிய கவுன்தான் வந்து நின்றது.

யாரும் பார்க்காத நேரமாகப் பாய்லர் ரூமுக்குள் போனார். முட்டி போட்டார். பத்து நிமிஷம் ஆனது. வேர்த்ததுதான் மிச்சம்.

ஆளனுப்பி அவனை வரவழைத்தார்.

"எந்த மூலையில முட்டி போடுவே?"

"எந்த மூலைன்னாலும் சரிதான் சார்."

"மழுப்பாதே. எனக்கு ஒண்ணுமே ஆகலை!"



"எனக்கும் முதல்ல அப்படித்தான் சார் இருந்துச்சு. உங்க மேல அவ்வளவு ஆத்திரம். எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல அதுதான் உட்கார்ந்திருந்துச்சு. உங்க பேரைச் சொல்லி வேண்டிக்க ஆரம்பிச்சப்பதான் அவர் கிட்ட வந்தார். உங்களுக்கு யார் மேல ஆத்திரமோ, அவங்க பேரைச் சொல்லிப் பாருங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

உள்ளே பாய்லர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு செருமல். இன்னொரு செருமல். அப்புறம் ஆர்டர் போடும் அதே குரல்:

"ஆண்டவரே... இந்தப் பாய்லர் பயலை ஆசீர்வதியும்!"

கதவுக்கு வெளியிலிருந்து பணிவாகப் பதில் வந்தது.

"அந்தப் பேர்ல அவருக்கு என்னைத் தெரியாது சார்."