பதினேழாம் நம்பர்

"பதினேழு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பிடுச்சு மேடம்" என்றார் கெமிஸ்ட்ரி சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. "தினமும் இதே நேரம்தான். ஒரு நாள் தப்பலை, பார்த்தீங்களா!"

கையிலிருந்த போன் சிணுங்கியது. கணவன். 'எனக்கு இன்னைக்கு லேட் ஆகும், பாப்பாவை...' என்று நீளமாக ஏதோ அனுப்பியிருந்தான். வீட்டுக் காரியமெல்லாம் அவன் பொறுப்பு. முழுசாகப் படிக்காமலேயே 'சரி' என்று தட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

யாரோ பாவப்பட்ட பெண்ணை வேவு பார்க்கிறார்கள் என்று பயந்துவிட வேண்டாம். பதினேழு என்பது ஒரு பிளாஸ்டிக் பாட்டில். தூக்கியெறியும் பிளாஸ்டிக் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று துறைகள் கூட்டுச் சேர்ந்தன. கெமிஸ்ட்ரி ஆய்வகம் தன் காலி பாட்டில்கள் அறுபதைக் கழுவிக் கொடுத்தது. எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் அடியில் நகத்தளவு சிப் ஒட்டினார்கள். தலைவி சமூகவியல் மேடம். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய், ஒரே நாளில் அரக்கப்பரக்க ஊரெல்லாம் குப்பைத் தொட்டிகளில் போட்டுவிட்டு வந்தவள்.

ஐம்பத்தொன்பது பாட்டில்கள் குப்பைமேட்டிலும் ஆற்றிலும் போய்ப் படுத்துக்கொண்டன. பதினேழு மட்டும் மறுநாளிலிருந்தே காலையில் பள்ளி, மாலையில் வீடு. யார் வீடு என்று தெரியாது. நெறிமுறைக் குழு கறாராகச் சொல்லிவிட்டது: திரையில் 'வீடு', 'பள்ளி' என்று வகை மட்டும்தான் வரும். முகவரியைத் திறக்க வேண்டுமானால் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். திறந்தால் ஆய்வு அதோடு முடிந்தது.

"குப்பையில கிடந்ததை எடுத்து ஒரு குழந்தை தண்ணி குடிக்குது சார். நம்ம கட்டுரையே இந்த ஒரு பாட்டில்தான்."

"அதைத்தான் சொல்ல வந்தேன்." சார் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். "கழுவின பாட்டிலோட லிஸ்ட். இன்னைக்குத்தான் சரிபார்த்தேன். அறுபதுல ஒண்ணுக்கு மட்டும் டிக் இல்லை. பதினேழு."

"அதனால?"

"உள்ள ஒட்டியிருக்கிற ரசாயனத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தண்ணி ஊத்த ஊத்தக் கொஞ்சம் கொஞ்சமா கரையும். முதல்ல வயித்துவலி, அப்புறம் ஈரல். மூணு வாரம் ஆச்சு மேடம்! இப்பவே கையெழுத்துப் போடுங்க, ஓடிப்போய்ப் பிடுங்கிடலாம்."

மேடம் பேனாவை எடுத்தாள். பொய் சொல்லக்கூடாது, எடுக்கத்தான் செய்தாள். ஆனால் மூன்று வருஷ உழைப்பு. அடுத்த மாதம் மாநாடு.

"இன்னும் ரெண்டே வாரம் சார். ஆராய்ச்சி பண்றவங்க வேடிக்கைதான் பார்க்கணும், கையை நீட்டக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"யார் பெத்த பிள்ளையோ மேடம்..."

"அப்போ பெத்தவங்க பார்த்துக்கட்டும். பிள்ளை கையில என்ன பாட்டில் இருக்குன்னுகூடப் பார்க்காம அனுப்புறாளே ஒருத்தி, அவளைச் சொல்லணும்!"

சார் திரையைப் பார்த்தபடி எழுந்துவிட்டார். "மேடம்... பதினேழு இன்னைக்கு வீட்டுக்குப் போகலை."

'வழியில்' என்றிருந்த எழுத்து மாறி, 'பல்கலைக்கழகம்' என்று வந்திருந்தது.

மேடம் கதவைப் பார்த்தாள். போச்சு, யாரோ சிப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெற்றவர்கள் பாட்டிலும் கையுமாக நியாயம் கேட்க வருகிறார்கள். "அந்த லிஸ்ட்டை உள்ள வைங்க சார். யார் கேட்டாலும் நமக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா?"

மேசைமேல் இருந்த சின்னக் கருவி 'பீப்' என்றது. சிப் பத்தடிக்குள் வந்தால்தான் அது கத்தும். வராந்தாவில் காலடிச் சத்தம். பீப். பீப். கதவு மெதுவாகத் திறந்தது.

பாப்பா நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறிப் போய், ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. "அப்பா வேன் அங்கிளை இங்கேயே விடச் சொல்லிட்டாரு. இன்னைக்கும் வலிக்குதும்மா..."

இன்னொரு கையில் நீல மூடி போட்ட பாட்டில். அடியில் இரண்டு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம்.

"இது... இது ஏதுடி உனக்கு?"

"நம்ம கார் சீட்டுக்கு அடியில கிடந்துச்சும்மா."