சாப்பாட்டு மேசையில் பிரசிடெண்ட்

பிரசிடெண்டின் காகிதங்கள் லாரியில் ஏறிவிட்டன என்று தெரிந்தபோது அம்பிகைபாகன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பித்தானோடு வாசலுக்கு ஓடினார்.

லாரி தெருமூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய பேப்பர் வாங்குகிற லாரி. அதன் ஒலிபெருக்கி மட்டும் நிதானமாக, "சூராட் காபார் லாமா... சூராட் காபார் லாமா..." என்று மலாயில் கூவிக்கொண்டே போனது.

"நீங்கதானே சொன்னீங்கள், சூராட் லாமா ஆக்கள் வருவினம், எல்லாத்தையும் எடுத்துக் குடு எண்டு?" என்றார் அவர் மனைவி தவமணி, ஈரக் கையைத் துடைத்தபடி.

சொன்னது உண்மைதான். பழங்காலக் கண்காட்சி நடத்துகிறவர்கள் மலாயில்தான் போன் செய்தார்கள். உங்கள் வீட்டுப் பழைய கடிதங்களை, அதாவது 'சூராட் லாமா'வை, படம் எடுக்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். போன் வந்த பெருமையில் அம்பிகைபாகன் அந்த மலாயை அப்படியே மனைவியிடம் ஒப்பித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நடுவில் ஒரே ஒரு 'காபார்'. அது இருந்தால் பழைய பேப்பர், இல்லாவிட்டால் பழைய கடிதம். அந்தச் சந்தில் பிரசிடெண்ட் போய்விட்டார்.

பிரசிடெண்ட் என்றதும் ஏதோ நாட்டை ஆண்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அம்பிகைபாகனின் தாத்தாவுக்குத் தகப்பன் முருகேசபிள்ளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்குக் குமாஸ்தாவாக வந்தவர். வந்த சூட்டோடு சற்சன சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தானே முதல் பிரசிடெண்ட் ஆனார். சங்கத்தில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் அம்பிகைபாகன் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் ரசீதுகள் இருந்தன. குடை திருத்திய ரசீது, குதிரைக்கு லாடம் அடித்த ரசீது, மண்ணெண்ணெய் ரசீது, யாரோ யாரையோ விசாரித்த கடிதங்கள். அம்பிகைபாகன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் அவை சாப்பாட்டு மேசை முழுக்கப் பரவிக் கிடந்தன. அடுக்கிக்கொண்டே இருக்கிறாராம்.

மேசையில் பிரசிடெண்ட் இருந்தார். புருஷனும் பெண்சாதியும் சோபாவில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். மீன் குழம்பு வைக்கிற நாளில் அது சாதாரண வித்தை அல்ல.

"படம் எடுத்த பிறகு எங்க வைக்கப் போறீங்கள்?" என்று தவமணி முந்தின நாள்தான் கேட்டிருந்தார்.

"வேற எங்க? இஞ்சதான்," என்று அம்பிகைபாகன் மேசையைத் தட்டிக் காட்டியிருந்தார்.

இப்போது அந்த மேசை வெறிச்சென்று கிடந்தது. கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே அம்பிகைபாகன் பெயர் போட்ட அட்டை வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அட்டையும் போச்சு. வாசலில் நின்ற மனிதருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் லாரி பின்னோக்கி வந்தது.

லாரிக்காரர் இறங்கி, அந்தக் காகிதக் கட்டைத் தூக்கி கேட்டுக்குமேல் நீட்டினார். "தா லாகு, ஆன்ட்டி," என்றார். விலை போகாதாம். பூச்சி அரித்த காகிதத்தை யாரும் எடுக்கமாட்டார்களாம்.

பழைய பேப்பர்காரரே வேண்டாம் என்று பிரசிடெண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவமானப்பட வேண்டிய அம்பிகைபாகனோ கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, லாரி மறையும் வரை "தெரிமா காசி, தெரிமா காசி" என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

தவமணி உள்ளே போனார். கொஞ்சம் விறுக்கென்றே போனார்.

கண்காட்சிக் குழுவிலிருந்து ஷர்மினி வந்து சேர்ந்தபோது மேசை பழையபடி நிரம்பியிருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்த பெண். ஒவ்வொரு காகிதமாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தவள், குடை ரசீதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பென்சிலில் சாய்வாக ஏதோ தமிழில் எழுதியிருந்தது.

"அது காய்கறிக் கணக்கு, பிள்ளை," என்றார் அம்பிகைபாகன். அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழ் அவருக்கு வாயில் மட்டும்தான்.

ஷர்மினி ரசீதை வெளிச்சத்தில் பிடித்து, புள்ளி வைக்காத எழுத்தைத் தடவித் தடவி உரக்கப் படித்தாள்.

"இந்தக் குப்பையளை எறியச் சொன்னால் அவர் கேக்கிறாரில்லை. சோறு வைக்க இடமில்லை."

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அங்கிள், இது பிரசிடெண்டோட வொய்ஃப் எழுதினதுலா! இதத்தான் நடுவுல வைக்கணும்!"

அம்பிகைபாகன் சிரிக்கவில்லை. தேநீர்த் தட்டோடு வந்த தவமணி, அதை வைக்க இடமில்லாமல் கையில் ஏந்தியபடியே நின்றார்.

ஷர்மினி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"டீச்சர்! என்னைத் தெரியலையா? ஸ்கூல்ல எங்களுக்கு மலாய் எடுத்தீங்களே! ஒரு வார்த்தைய மாத்தி எழுதினாக்கூட காதைத் திருகுவீங்களே!"



அம்பிகைபாகன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். தவமணி தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அம்பிகைபாகன் மேசையைப் பார்த்தார். குடை ரசீதைப் பார்த்தார். போடாமல் விட்ட பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

"படம் வேண்டாம், பிள்ளை," என்றார். "எல்லாத்தையும் அப்பிடியே கொண்டு போங்கோ."

ஷர்மினி காகிதங்களை அள்ளினாள். தவமணி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார்.