திருஷ்டிச் செருப்பு

“தம்பி, இறங்கித் தள்ளி விடணுமா?”

குமுளி மலைப்பாதையில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன பழைய ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து பெண்கள் கேட்டுச் சிரித்தார்கள். அந்த ஜீப்பை முந்த முடியாமல், அதன் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்ந்தது ஸ்டான்லியின் சிவப்புக் கார். பழைய வண்டிதான். ஆனாலும் பந்தயத்துக்குப் போகிற ரகம் என்று சொல்லி வாங்கியது.

ஸ்டான்லி மிதித்தான். இன்னும் மிதித்தான். சத்தம் மட்டும் மேகமலை வரை கேட்டிருக்கும்.

பக்கத்தில் பாப்பாவை மடியில் வைத்திருந்த மெர்லினுக்குச் சிரிப்பு முட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சிரிக்கிறியா? சிரி, சிரி. எங்க ஊரு அக்கா, தங்கமான குடும்பம்னு நீதானே சொன்ன? நல்லாத் தலையில கட்டிட்டாக!”

சிரிப்பு நின்றுவிட்டது. காரை விற்றது தேவதானப்பட்டி ஜான் பீட்டர். அவர் மனைவி இன்னாசியம்மாள், மெர்லின் பிறந்த ஊர்க்காரி. மெர்லின் சொன்ன ஒரு வார்த்தையில்தான் பேரம் முடிந்தது. இப்போது பிறந்த ஊர் மானமும் சேர்ந்து ஜீப்புக்குப் பின்னால் ஊர்ந்தது.

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் தேனியில், செல்லப்பாண்டி ஒர்க் ஷாப்பில் இருந்தார்கள்.

“இன்னும் பவர் ஏத்தணும்ணே. கோயில் திருவிழாவுக்கு மாமனார் ஊருக்குப் போறேன். வண்டி பறக்கணும்.”

“ஏத்தலாம் தம்பி. அதுக்கு முன்னாடி, ஏற்கெனவே எவன் எவன் இதுல கை வச்சிருக்கான், என்னென்ன மாத்தியிருக்கான்னு பாக்கணும். தெரியாம அதுக்கு மேல ஏத்துனா இன்ஜின் பொகைஞ்சு போயிரும்.”

செல்லப்பாண்டி வண்டிக்கு அடியில் போனார். குரல் மட்டும் வெளியே வந்தது.

“சைலன்சர் கம்பெனி போட்டது இல்ல. அகலக் குழாய்.”

கொஞ்ச நேரம் கழித்து, “ஸ்பிரிங்கை அறுத்து வண்டியத் தாழ்த்தியிருக்கான், கிராதகப் பய!”

பிறகு பானெட்டைத் திறந்து, “ஏர் ஃபில்டரும் வேற. இது பறக்கணுமே தம்பி!”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

லேப்டாப்பை மாட்டினார். “ஆக்சிலேட்டரை மிதிங்க... முழுசா மிதிங்கப்பா!”

“முழுசாத்தாண்ணே மிதிக்கிறேன். இதுக்கு மேல போக மாட்டேங்குது.”

“இங்கன பாதிக்குக் கொஞ்சம் மேலதானே காட்டுது!”

செல்லப்பாண்டி குனிந்து, செல்போன் வெளிச்சத்தைப் பெடலுக்குக் கீழே அடித்தார். பெடலின் பின்பக்கம், கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய இரண்டு குட்டி ரப்பர் செருப்புகள். ஒன்று நீலம், ஒன்று ரோஸ்.

“அட, திருஷ்டிக்குக் கட்டியிருக்காக!” சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

மெர்லின் எட்டிப் பார்த்தாள். “திருஷ்டிச் செருப்பை வண்டிக்கு வெளியில, பம்பர்லதானே கட்டுவாக? இது ஜோடிகூடச் சேரலையே?”

“விலை கூடின வண்டி ஆத்தா, உள்ளயும் கட்டுவாக. நான் அவுக்க மாட்டேன். ஒரு லாரியில கட்டியிருந்ததை அவுத்தேன், மறுநாளே ஜாக்கி எங்கால்ல விழுந்துச்சு.”

“வேணாம்ணே, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றான் ஸ்டான்லி. கண்ணாடியில் ஜெபமாலையும் முன்னால் எலுமிச்சம்பழமும் தொங்கவிட்டிருக்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்?

செல்லப்பாண்டி தீர்ப்பைச் சொன்னார். “எவனோ வண்டியோட கம்ப்யூட்டர்ல வேகத்தை அமுக்கி வச்சிருக்கான். கோயமுத்தூருக்குத்தான் கொண்டு போகணும்.”

“கேட்டுக்கிட்டியா, உங்க ஊரு லட்சணத்தை?” என்றான் ஸ்டான்லி.

மெர்லின் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்னாசியம்மாளுக்குப் போனைப் போட்டாள்.

“ஏக்கா, ஒரே கோயில்ல பூசை கண்டவுகன்னு நம்புனேன். இப்படி ஏமாத்திட்டீகளே!”

“என்னாத்தா ஆச்சு?”

“வண்டி நகர மாட்டேங்குது. நாலு பேரு சிரிக்கிறாக. மெக்கானிக்கு தலைகீழாப் புரட்டிப் பாத்துட்டாரு.”

மறுமுனையில் குரல் தணிந்தது. “செருப்பு இருக்கா?”

“அந்தத் திருஷ்டிச் செருப்பா? இருக்கு. அதை யாரும் தொடல.”

“மாதாவே, நல்லவேளை!” இன்னாசியம்மாள் பெருமூச்சு விட்டாள். “திருஷ்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெடலு முழுசா அமுங்காமத் தாங்குறதே அதுதான். கறுப்புக் கயித்துல கட்டுனா ஆம்பளைக கை வைக்க மாட்டாகல்ல? எங்க வீட்டுக்காரரு வண்டிய விக்கிற வரைக்கும் கம்ப்யூட்டரைத்தான் வஞ்சுக்கிட்டிருந்தாரு.”

மெர்லின் ஒர்க் ஷாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“வண்டி எடுக்க வந்த அன்னிக்கே உங்காதுல சொல்லணும்னு பாத்தேன். உங்க வீட்டுக்காரரு பக்கத்த விட்டு நகரவே இல்ல.”

“நீங்களாக்கா கட்டுனீக?”

“நீலச் செருப்பு எங்களுக்கு முன்னாடி வண்டிய வச்சிருந்தவ கட்டுனது. அவளும் கைப்பிள்ளக்காரி. சாவியக் குடுக்கையில எங்கிட்டச் சொன்னா. எங்க வீட்டுக்காரரு வேகத்துக்கு அது ஒண்ணு பத்தல ஆத்தா. ரோஸு எம் மக போட்டது.”

உள்ளேயிருந்து ஸ்டான்லியின் குரல் கேட்டது. “கோயமுத்தூர் போயிட்டு வந்தா நூத்தி அறுபதைத் தொடுமாண்ணே?”

மெர்லின் போனை வைத்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையின் காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பாப்பா, இந்தச் செருப்பு உனக்குச் சின்னதாயிருச்சுல்ல?”