காணாமல் போன போல்ட்

வீட்டு முன்னால் நின்ற லாரிக்கு டிரைவரே புது கேம்ஷாஃப்ட் மாற்றிவிட்டான். இனி இன்ஜின் முன்பக்கத்து டைமிங் கவரை மூடினால் வேலை முடிந்தது. முடிந்ததும் கிளம்பிவிடுவான். அப்புறம் மூன்று மாதம் அவன் மனைவி போனோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

"கவர் போல்ட் ஒண்ணைக் காணோம். நீ பாத்தியா?" லாரிக்கு அடியிலிருந்து கேட்டான்.

"நான் எதுக்குப் பாக்கப் போறேன்?" என்றாள். நேற்று எடுத்த போல்ட் அவள் மூடிய கைக்குள் ஈரமாகியிருந்தது. "வேற போல்ட் போட முடியாதா?"

"ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நீளம். மாத்திப் போட்டா கவர் விரிசல் விட்டுடும்."

சீக்கிரம் கிளம்பச் சொல்லி லாரி முதலாளியும் போனில் கத்தியிருந்தார். முழங்கை வரை கிரீஸோடு அவன் மண்ணைத் துழாவுவதைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை.

"இந்தாங்க, இங்கதான் கிடந்துச்சு."

கவரின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, போல்ட்டுகளை அதனதன் இடத்தில் செருகி வைத்திருந்தான். தன்னிடமிருந்ததைச் செருகக் குனிந்தாள். இரண்டு துளைகள் காலியாக இருந்தன.

"நான் ஒண்ணுதானே எடுத்தேன்!" வாய் முந்திக்கொண்டது.

அவன் தலையை வெளியே நீட்டினான். "நீயுமா?"

சட்டைப் பையிலிருந்து இன்னொரு போல்ட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"அடப்பாவி மனுஷா! அப்ப காலையிலிருந்து எதைத் தேடினீங்க?"

"இதைத்தான். நீ நம்பணுமே."

போன் அடித்தது. முதலாளி. அவன் கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவள் எடுத்தாள்.

"இன்னும் முடியலைங்க. காலையில ஒரு போல்ட்டைத்தான் காணோம்," என்றாள், இரண்டையும் கைக்குள் இறுக்கிக்கொண்டு. "இப்ப ரெண்டாயிடுச்சு."