நேற்றைக்கு ஒரு குடம்

கண்ணுகளா, அந்தப் பெண்ணைப் பாருங்கள். வருடம் அறுபத்தெட்டு, நாச்சியாபுரத்து ஊருணி, வெயில் சாய்கிற நேரம். கடைசிப் படியில் வெறுங்குடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். முழங்கால் வரைக்கும் சாம்பல், அவள் பிறந்த உலகத்துச் சாம்பல். இன்றைக்குத் தண்ணீர் தீர்ந்தால் நேற்றைக்குப் போய் அள்ளி வருகிற சனம் அவர்கள். அள்ளி அள்ளி, அவர்களுடைய நேற்றுகள் எல்லாம் வறண்டுவிட்டன; அதனால்தான் நம் உலகத்து ஊருணிக்கு வந்திருக்கிறாள். இப்போது அங்கே கிணறு இல்லை, மரம் இல்லை. அவள் பிள்ளை மட்டும் நாக்கு உலர்ந்து சுவரோரம் படுத்திருக்கிறது. அழுவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. இவளுக்கும் கண்ணில் ஈரம் வரவில்லை. குனிந்து குடத்தை அமுக்குகிறாள், களுக் களுக்கென்று நீர் ஏறுகிறது.

“அடியாத்தே, சாம்பக் காலை உள்ள வச்சிறாதீக, குடிக்கிற தண்ணி!” என்றபடி உள்ளூர்க்காரி முத்தழகு தன் குடத்தோடு இறங்கி வருகிறாள். கிட்டே வந்ததும் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். “நேத்தும் நீங்கதான வந்தீக? எத்தனை குடம்! ஒரே நாள்ல ஒரு படி இறங்கிப்போச்சு.”

அந்தப் பெண், பாசி காய்கிற மேல்படியைப் பார்க்கிறாள். நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றுகிறாள்.

“நேத்து நான் வரலை,” என்கிறாள். “இனிமேத்தான் நேத்தைக்கு வரணும்.”