நேர பிளேன் இல்லை

"அப்பா விடியப்புறம் மோசம் போயிட்டார் தம்பி," என்று ரொறன்ரோவுக்குச் சொல்லிவிட்டு, மாமன் தம்பிஐயா போனைக் கட்டிலோரக் கதிரையில் வைத்தார். தனக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

கட்டிலில் பரமலிங்கம் புது வேட்டியும் திருநீறுமாய்க் கண்மூடி மல்லாந்திருந்தார். பெண்சாதி யோகம்மா குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தா.

அந்தப் பக்கம் ஒரே மகன் தேனுஜன் அழுதான். குறை சொல்ல ஏலாது, அசல் அழுகைதான். பிறகு மூக்கைச் சீறிவிட்டுப் பிளேன் பார்க்கத் தொடங்கினான்.

தூரம் பதினாலாயிரம் கிலோமீற்றராம். நேர பிளேன் இல்லையாம். டோகாவுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பறந்து, அங்கே அரைநாள் காவல் கிடந்து, கொழும்புக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் பறக்கவேணுமாம். அதற்குப் பிறகு யாழ்ப்பாண பஸ், ஊர்காவற்றுறை, அனலைதீவுக்கு வள்ளம்.

போன தையில் மச்சானின் கலியாணத்துக்கு அவன் சிட்னிக்குப் போய்வந்தவன். அது இதைவிடத் தூரம். அந்த மாதம் பூமி கொஞ்சம் சுருங்கிக் கிடந்ததாக்கும்.

"கொப்பர் உயிரோட இருக்கேக்க எத்தினை தரம் கூப்பிட்டவர்," என்றார் தம்பிஐயா. "கொள்ளி வைக்கவாவது வாரும்."

"எப்பிடிப் பாத்தாலும் இரண்டு நாள் செல்லும் மாமா. இந்த வெய்யிலுக்கு அப்பாவை வைச்சிருக்க ஏலாது."

யாழ்ப்பாணத்தில் மருந்தேற்றினால் மூன்று நாள் தாங்கும், சவப்பெட்டிக்காரரோடு தானே கதைக்கிறேன் என்றார் தம்பிஐயா.

"வேண்டாம் மாமா. அப்பாவுக்கு ஊசியெண்டால் பயம்."

ஒன்றுவிட்ட தமையன் சதீசன் கொள்ளி வைக்கட்டும், இன்றைக்கே எடுத்துவிடுங்கோ என்றான். போனில் காட்டினால் தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பானாம். பிறகுதான் அம்மா எங்கே என்று கேட்டான்.

"அடுப்படியில நிக்கிறா."

"பாவம். ஏதும் சாப்பிடச் சொல்லுங்கோ."

போன் நின்றது. தம்பிஐயா அதை எடுத்து மடியில் செருகினார். செருகி முடிக்க அவருக்குக் கனநேரம் பிடித்தது.

யோகம்மா தேத்தண்ணியோடு அறை வாசலில் வந்து நின்றா.

"வாறானாமோ?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"இந்த வெய்யிலுக்கு என்னை வைச்சிருக்க ஏலாதாம்."