நம்பும்படி ஒரு கடிதம்

'வகுப்பில் வசுமதிதான் முதல்' என்று அனுசூயா திருச்சியிலிருக்கும் தன் அப்பாவுக்கு மகளைப் பற்றி எழுதியிருந்தாள். கணவர் மணிவாசகம் அந்த வரியை அடித்தார். மாண்ட்ரியலில், கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க யதார்த்தவாத நாவல்களைப் பாடம் நடத்துபவர் அவர்.

"குறையே இல்லாத குழந்தைன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அனு. பிரெஞ்சுல மார்க் கம்மின்னு எழுது. பஸ்ல ஒரு கிளவுஸைத் தொலைச்சுட்டா, நான் திட்டினதுல ராத்திரி சாப்பிடாம படுத்துட்டான்னும் எழுது. சின்னச் சின்ன விஷயம்தான் உண்மை மாதிரி இருக்கும்."

அவள் அப்படியே எழுதினாள்.

"வளர்த்தி பத்தி?"

"போன வருஷத்துக் கோட்டு பத்தலைன்னு எழுது."

"இந்தத் தடவை அப்பா போட்டோ கேட்டிருக்காருங்க."

இரண்டு குளிர்காலத்துக்கு முன் வசுமதி நிமோனியாவில் இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. பெரியவரின் பலவீனமான இதயம் தாங்காது என்று இருவருமாக முடிவு செய்து மறைத்திருந்தார்கள்.

"பத்து வயசுல அவ எப்படிங்க இருந்திருப்பா?" என்று அனுசூயா கேட்டாள்.

மணிவாசகம் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். முன்பல் விழுந்த அந்த எட்டு வயது முகம்தான் வந்தது.

"கேமரா ரிப்பேர்னு எழுது" என்றார்.